மிதமான பழமைக்கு எந்த முகாம்?

சென்னை மாநகரின் மேற்கு விளிம்பில், பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி செல்லும் வழியில் இருக்கிறது சென்னீர்குப்பம். அங்கே கூடிப் பேசும் இளைஞர்களிடையே ஒரு வினா எழுந்தது. வேடிக்கையாகத் தொடங்கிய வினாதான். ஆனால் வேடிக்கையாக முடித்துவிடத் தக்கதன்று.

"அமெரிக்காவிலே குடியரசுக் கட்சி பழமையின் கோட்டை என்கிறோம். அந்தக் கோட்டைக்குள்ளேயே நிதானமாகப் பேசுகிறவர்கள், சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவர்கள், வெறியை வெறுக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்களே, அவர்களுக்கு அந்நாட்டு அரசியலில் இடம் எது?" என்று கேட்டார் ஒருவர். "அந்தக் கவலை அமெரிக்கருக்கு, நமக்கென்ன?" என்றார் மற்றொருவர்.

நமக்கென்ன என்று தள்ளிவிட இயலாது, தோழர்களே! அந்த மனிதர் அமெரிக்காவில் மட்டும் இல்லை. நம் தெருவிலும் இருக்கிறார். கையிலே கீதை, மேசையிலே சட்டப் புத்தகம். வாயிலே கடுஞ்சொல் வராது. கலவரம் என்றால் கதவைச் சாத்திக்கொள்வார். கலவரக்காரனைக் கண்டித்தும் பேசுவார். ஆனால், "எல்லாம் மெல்ல மெல்ல மாறட்டும், ஏன் அவசரம்?" என்பார். அவரைப் பகைவர் என்று ஒதுக்குவதா, நண்பர் என்று அணைப்பதா? தேர்தல் வரும்போதெல்லாம் நம்மை மடக்கும் கேள்வி இது.

இதற்கு விடை காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. மிதமான பழமை தனக்கென்று ஒரு கட்சியே கட்டிப் பார்த்த கதை தமிழகத்திலேயே இருக்கிறது. 1959ஆம் ஆண்டு பிறந்து, 1974ஆம் ஆண்டு மறைந்த சுதந்திராக் கட்சியின் கதை அது. அதை ஆய்ந்தால் ஓர் உண்மை தெளிவாகும். ஒருவருடைய குரல் எவ்வளவு மென்மையானது என்று பார்த்து அவருக்கு இடம் ஒதுக்குவது பிழை. அவர் எதைக் காக்க முனைகிறார், தம் வீட்டார் தவறும் நாளில் யார் பக்கம் கை தூக்குகிறார் என்று பார்த்தே ஒதுக்க வேண்டும். இதுவே என் வாதம்.

சொல்லிலே ஒரு மயக்கம்

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். "மிதவாதி" என்ற சொல் நம் அரசியலில் எப்போது புழக்கத்துக்கு வந்தது? காங்கிரசு இரண்டாக உடைந்த 1907ஆம் ஆண்டுச் சூரத் மாநாட்டுக் காலத்தில். கோகலேயின் அணியினர் மிதவாதிகள்; திலகரின் அணியினர் தீவிரவாதிகள். வெள்ளையனிடம் மனுக் கொடுப்பவர் மிதவாதி. வெள்ளையனை எதிர்த்து முழங்குபவர் தீவிரவாதி. அவ்வளவுதான் அன்று அச்சொல்லுக்குப் பொருள்.

ஆனால் சமுதாயத் துறைக்கு வந்து பாருங்கள். தலைகீழாக நிற்கிறது படம்! 1891ஆம் ஆண்டு, சிறுமியரைக் காக்கும் பொருட்டுப் பெண்ணின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் வந்தபோது எதிர்த்து நின்றவர் யார்? தீவிரவாதி திலகர். சீர்திருத்தம் வேண்டும் என்று வாதாடியவர் யார்? மிதவாதிகளுக்கு வழிகாட்டியான ரானடே. ஆட்சியை அசைப்பதில் தீவிரம் காட்டியவர், வீட்டுக்குள்ளே பழமையின் காவலர். ஆட்சியிடம் பணிவு காட்டியவர், வீட்டுக்குள்ளே மாற்றத்தின் தோழர்.

நம் மாநிலத்திலும் இதே காட்சிதான். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் போராடியபோது, அதை எதிர்த்து வாதாடியவர் விடுதலை வீரர் சத்தியமூர்த்தி. அன்னிய ஆட்சி ஒருநாளும் கூடாது என்றவருக்கு, பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் இருக்கலாமென்று தோன்றிற்று! அந்தக் கொடுமை சட்டப்படி ஒழிய 1947 வரை காத்திருக்க நேர்ந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? மிதம் என்பது நடையின் வேகம். பழமை என்பது நடையின் திசை. வேகத்தை அளக்கும் கோலால் திசையை அளக்க முடியாது. "அவர் மிதமானவர்" என்று ஒருவர் சான்றிதழ் நீட்டினால், "எத்திசையில் மிதமாக நடக்கிறார்?" என்று கேட்பதே பகுத்தறிவு. மெல்ல நடந்தாலும் பின்னோக்கி நடப்பவர் பின்னோக்கித்தான் போய்ச் சேருவார். மெல்ல நடந்தாலும் முன்னோக்கி நடப்பவரோ, என்றேனும் ஒருநாள் நம்மோடு வந்து சேரக்கூடும்.

ஆவடியிலே தொடங்கியது

சென்னீர்குப்பத்திலிருந்து சில கல் தொலைவில் இருப்பது ஆவடி. 1955 சனவரியில் அங்கேதான் காங்கிரசு மாநாடு கூடிற்று. "சமதர்மப் பாணிச் சமுதாயம்" அமைப்பதே குறிக்கோள் என்று தீர்மானம் இயற்றிற்று. அந்தத் தீர்மானத்தால் ஏழைக்கு எவ்வளவு கிடைத்தது என்பது தனிக் கணக்கு. ஆனால் காங்கிரசுக்குள் குடியிருந்த நிலக்கிழார்களுக்கும் தொழிலதிபர்களுக்கும் அன்றே உறக்கம் கலைந்தது. 1959 சனவரியில் நாகபுரி மாநாடு கூட்டுறவுப் பண்ணைமுறையை ஏற்றது. கலைந்த உறக்கம் கலக்கமாயிற்று.

அதே ஆண்டு சூன் திங்களில் சென்னையில் புதுக்கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் பம்பாயில் தொடக்க மாநாடு கூடிற்று. எண்பது வயதைக் கடந்த ஆச்சாரியார் அதன் மூளை. உழவர் தலைவராகப் பெயர் பெற்ற ஆந்திரத்து என். ஜி. ரங்கா அதன் தலைவர். ஒரு காலத்தில் காங்கிரசு சோசலிஸ்டுக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மினு மசானி அதன் பொதுச் செயலாளர். கே. எம். முன்ஷியும் வந்து சேர்ந்தார். பின்னே வந்தார்கள் மன்னர்கள், ஜமீன்தார்கள், ஆலை முதலாளிகள், ஓய்வுபெற்ற ஐ.சி.எஸ். அதிகாரிகள். செயப்பூர் மகாராணி காயத்ரி தேவி 1962இல் அக்கட்சியின் சார்பிலே நின்று பெருவெற்றி பெற்றார்.

அந்தத் தேர்தலில் நாடாளுமன்றத்தில் 18 இடம். 1967இல் 44 இடம். மூன்றாண்டுக் குழந்தையாகக் களத்தில் இறங்கிய கட்சி, எட்டாண்டுப் பருவத்தில் பெற்ற வளர்ச்சி இது. ஏளனம் செய்து ஒதுக்கத்தக்க கூட்டமன்று அது. அரசின் உரிமமும் அனுமதிச் சீட்டும் இல்லாமல் ஆணியும் அடிக்க முடியாது என்றிருந்த காலத்தில், அந்த முறையால் ஊழல்தான் கொழுக்கும் என்று அது எச்சரித்தது. அந்த எச்சரிக்கையில் உண்மை இருந்தது. ஒரே கட்சி எங்கும் ஆளும் நாட்டில் எதிர்க்கட்சி வேண்டும் என்றது. அதிலும் உண்மை இருந்தது. மாற்றார் சொன்னார் என்பதற்காக மெய் பொய்யாகிவிடாது.

இருபத்தொரு கொள்கை

அப்படியானால் குறை எங்கே? அக்கட்சி வகுத்துக்கொண்ட இருபத்தொரு அடிப்படைக் கொள்கைகளைப் படித்தால் தெரியும்.

முதற் கொள்கை அழகானது. மதம், சாதி, தொழில் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் சமூகநீதி, சமவாய்ப்பு என்று உறுதி கூறியது அது. நாமும் ஒப்பலாம். ஆனால் அதைத் தொடர்ந்து வருவன யாவை? அரசின் தலையீடு குறைய வேண்டும். சொத்துரிமை காக்கப்பட வேண்டும். எடுத்துக்கொள்ளும் சொத்துக்குத் தக்க ஈடு தரப்பட வேண்டும். தொழிலும் வேளாண்மையும் தனியார் முயற்சிக்கு விடப்பட வேண்டும் என்ற போக்கிலேயே கட்சியின் உயிர் துடித்தது.

இங்கேதான் நாம் நிறுத்திக் கேட்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாக ஒருவன் வரப்பின்மேல் நின்றான், ஒருவன் சேற்றிலே நின்றான். ஒருவன் ஓதினான், ஒருவன் அதைக் காதால் கேட்டாலும் குற்றம் என்றார்கள். இந்த இருவருக்கும் சமவாய்ப்பு அளிக்க வேண்டுமானால் யாராவது கை நீட்டித் தூக்கிவிட வேண்டும். தூக்கிவிடக் கூடிய கை ஒன்றே ஒன்றுதான்; சட்டம் இயற்றும் அரசின் கை. அந்தக் கையைக் கட்டு என்று ஒரு கொள்கையும், சமவாய்ப்புக் கொடு என்று மற்றொரு கொள்கையும் ஒரே தாளில் இருந்தால், எந்தக் கொள்கை வெல்லும்? வலியவனுக்கு உதவும் கொள்கைதான் வெல்லும். நனைந்த விறகுக்கும் காய்ந்த விறகுக்கும் ஒரே தீக்குச்சி கொடுத்துவிட்டு, "சமவாய்ப்புக் கொடுத்தேன்" என்பது நீதியாகாது.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த இருபத்தொன்றுக்கு அப்பாற்பட்ட பொருள்களில் உறுப்பினர் தம் மனச்சான்றின்படி பேசலாம், வாக்களிக்கலாம் என்று உரிமை வழங்கிற்று அக்கட்சி. கொறடாவின் குச்சிக்கு ஆடும் கட்சிகள் மலிந்த நாட்டில் இது பெரிய செய்தி. ஆனால் அந்த உரிமையைத் தாழ்த்தப்பட்டவனுக்காகப் பயன்படுத்த வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் அங்கே எத்தனை பேர் சேர்ந்தார்கள்? வீட்டின் கதவு திறந்திருந்தது. வந்தவர்கள் மன்னர்களும் மிட்டாதாரர்களும். கட்சியின் திசையைக் காட்டுவது தாளில் எழுதிய முதல் வரியன்று, வாயிலில் வந்து நின்றவர்களின் வரிசை.

ஆச்சாரியாரின் வரவும் செலவும்

கட்சியை விட்டு ஆளைப் பார்ப்போம். ஆச்சாரியாரை நாம் எதிர்த்தோம். இன்றும் எதிர்க்க வேண்டிய இடத்தில் எதிர்க்கிறோம். ஆனால் ஆய்வு என்று வந்துவிட்டால் வரவையும் எழுத வேண்டும், செலவையும் எழுத வேண்டும்.

1938இல் பள்ளியிலே கட்டாய இந்தியைப் புகுத்தினார். எதிர்த்தவர்களைச் சிறையில் அடைத்தார். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர். இது செலவு.

அதே 1939இல், மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரையும் நாடாரையும் வைத்தியநாத அய்யர் அழைத்துச் சென்றபோது வைதிகர் கொதித்தெழுந்தனர். நுழைந்தவர் மேல் வழக்குப் பாயாவண்ணம் காப்பளித்து, கோயில் நுழைவுக்கு வழி செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது ஆச்சாரியாரின் அமைச்சரவை. தம் வீட்டாரின் வெறுப்பைத் தாங்கிக்கொண்டு செய்த செயல் அது. இது வரவு.

1953இல் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதுத் திட்டம் தந்தார். பள்ளியிலே நாளுக்கு மூன்று மணி நேரப் படிப்பு. எஞ்சிய நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகுவது. குயவன் மகன் சக்கரத்தோடு, வண்ணான் மகன் வெளுக்கும் கல்லோடு. அப்படியானால் வழக்கறிஞர் மகன்? அவன் நகரத்தில் இருந்தான். அவனுக்கு முழுநாள் படிப்பு! குலக்கல்வி என்று நாடே கொதித்தது. திராவிடர் கழகமும் தி.மு. கழகமும் களத்தில் இறங்கின. காங்கிரசுக்குள்ளேயே வரதராசுலு நாயுடு போன்றோர் எதிர்த்தனர். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. இது பெருஞ்செலவு.

பின்னர், 1950களின் பிற்பகுதியிலிருந்து, இந்தி ஆட்சிமொழியாவதை அதே ஆச்சாரியார் எதிர்த்தார். 1965இல் மாணவர் கொதித்தெழுந்த நாளிலும் அந்த எதிர்ப்பிலே நின்றார். 1938இல் தாம் இட்ட முடிச்சைத் தாமே அவிழ்க்க முன்வந்தார். இது வரவு.

இந்தக் கணக்கைக் கூர்ந்து பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. டில்லியின் ஆதிக்கம் என்று வந்தால் அவர் உரிமையின் பக்கம். கோயில் வாயிலில் ஒருவனைத் தடுக்கும் அப்பட்டமான கொடுமை என்று வந்தால் மனிதநேயத்தின் பக்கம். ஆனால் பிறப்பால் தொழில் என்ற அடித்தளத்தையே பெயர்க்க வேண்டும் என்று வந்தால், அடித்தளத்தின் பக்கம்! கூரையின் ஓட்டை அடைக்க ஒப்புவார், அஸ்திவாரத்தைத் தொடவிடமாட்டார். மிதமான பழமையின் எல்லைக்கோடு இதுதான். அந்தக் கோட்டுக்கு இப்பால் அவர் நமக்குத் துணை. அப்பால் நமக்குத் தடை. ஒரே மனிதர்தான், இடம் மட்டும் மாறுகிறது.

கடல் கடந்த கணக்கு

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே ஒரு காலத்தில் இரண்டு கட்சிகளுக்குள் நான்கு மனங்கள் இருந்தன. ஆபிரகாம் லிங்கனின் கட்சி குடியரசுக் கட்சி. அடிமை முறையின் நிழலை விடாத தென்மாநில வெள்ளையர் குடியிருந்ததோ சனநாயகக் கட்சியில்! பள்ளிகளில் நிறப்பாகுபாடு செல்லாது என்று 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து 1956இல் தென்மாநில நாடாளுமன்ற உறுப்பினர் ஏறத்தாழ நூறு பேர் அறிக்கை விட்டனர். இருவர் தவிர எல்லோரும் சனநாயகக் கட்சியினர்.

அந்நாளில் குடியரசுத் தலைவராக இருந்த ஐசன்ஹோவர் மிதமான பழமைவாதிக்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தத் தீர்ப்பை அவர் வெளிப்படையாகப் போற்றவில்லை. "மெல்ல மெல்ல" என்பதே அவர் இயல்பு. ஆனால் 1957இல், லிட்டில் ராக் நகரில் கருப்பின மாணவர் ஒன்பது பேரைப் பள்ளிக்குள் விடமாட்டோம் என்று ஆளுநரே தடுத்தபோது, இராணுவத்தை அனுப்பி அம்மாணவரை உள்ளே கொண்டுசேர்த்தார். சமத்துவத்தின்பால் காதல் இல்லாவிட்டாலும் சட்டத்தின்பால் மதிப்பு இருந்தது.

1964இல் வந்தது பெரிய சோதனை. குடியுரிமைச் சட்டத்தைப் பேசியே கொல்லத் தென்மாநிலத்தார் செனட் சபையில் வாரக்கணக்கில் பேச்சை நீட்டினர். அந்தப் பூட்டை உடைக்க ஆளுங்கட்சியின் கைகள் மட்டும் போதா. குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் டர்க்சன் — முதலாளிகளின் நண்பர், பழுத்த பழமைவாதி — தம் தோழர்களை அழைத்துவந்தார். சூன் 10ஆம் நாள் 71க்கு 29 என்று பூட்டு உடைந்தது. சூன் 19ஆம் நாள் 73க்கு 27 என்று சட்டம் நிறைவேறிற்று. குடியரசுக் கட்சி செனட்டர் 33 பேரில் 27 பேர் ஆதரவு. எதிர்த்த அறுவரில் ஒருவர் கோல்டுவாட்டர்.

அதே ஆண்டு அந்தக் கட்சி தன் தலைமை வேட்பாளராக யாரைத் தேர்ந்தது? டர்க்சனோடு நின்ற இருபத்தெழுவரில் ஒருவரையா? இல்லை, கோல்டுவாட்டரை! சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில், தீவிரக் கும்பல்களைக் கண்டிக்க எழுந்த நெல்சன் ராக்பெல்லரைப் பேசவிடாமல் கூச்சலிட்டு அடக்கினார்கள். தேர்தலில் கோல்டுவாட்டர் ஐம்பது மாநிலங்களில் ஆறில் மட்டுமே வென்றார். அவற்றுள் ஒன்று அவர் சொந்த மாநிலம். மற்ற ஐந்தும் நிறவெறி வேரூன்றிய தென்கோடி மாநிலங்கள். தோல்விதான், ஆனால் அந்த ஐந்தும் வழிகாட்டிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் தென்மாநிலப் பழமை முழுவதும் குடியரசுக் கட்சிக்குக் குடிபெயர்ந்தது. நான்கு மனங்கள் இரண்டாகச் சுருங்கின. நடுவிலே நின்றவருக்கு நிற்கும் நிலம் குறைந்தது.

முடிவு எப்படியாயிற்று? 2021 சனவரியில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தபின், அதைத் தூண்டினார் என்று டிரம்ப் மீது குற்றச்சாட்டு வந்தது. கீழவையில் அவருடைய கட்சியினரே 10 பேர் குற்றச்சாட்டை ஆதரித்தனர். அந்தப் பத்துப் பேரும் 2022 தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தது. நால்வர் போட்டியிடாமலே விலகினர். நால்வர் உட்கட்சித் தேர்தலிலேயே வீழ்ந்தனர். முன்னாள் துணைத்தலைவரின் மகள் லிஸ் செனியும் அந்த நால்வருள் ஒருவர். மீண்டும் வென்று சபைக்குத் திரும்பியவர் இருவரே.

காரணம் மாயமன்று, அமைப்பு. அங்கே வேட்பாளரைத் தேர்வது கட்சித் தலைமையன்று. உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க வரும் கட்சிக்காரர்கள். அவர்களோ கொதிப்பு மிக்கவர்கள். பொதுமக்களிடம் மதிப்புப் பெற்ற மிதவாதி, தம் வீட்டு வாயிலிலேயே வடிகட்டப்படுகிறார். கட்சியிலே அவருக்கு இடம் இருக்கிறது — வாய் மூடியிருக்கும் வரையில்!

1967ம் அதற்குப் பின்னும்

தமிழகத்தில் மிதமான பழமை வேறு வழியில் இடம் தேடிற்று. 1962இல் சட்டமன்றத்தில் அது தனியாகப் பெற்றது 6 இடமே. 1967இல் தி.மு. கழகத்தோடு கூட்டணி கண்டது. அதே அணியில் மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டுகளும் இருந்தனர். முஸ்லிம் லீகும் இருந்தது. பெரியார் அந்த அணியை எதிர்த்துக் காங்கிரசை ஆதரித்தார். வெற்றிக்குப்பின் அண்ணா பெரியாரைத் தேடிச் சென்று கண்டது நாடறிந்த செய்தி.

அந்தத் தேர்தலில் சுதந்திராக் கட்சிக்கு 20 இடம் கிடைத்தது. ஆனால் கழகத்துக்குத் தனித்தே 137. ஆட்சியில் ஆச்சாரியார் கட்சிக்குப் பங்கு தேவைப்படவில்லை. அந்த ஆட்சி வந்த ஆண்டே சீர்திருத்தத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்புத் தந்தது. 1968 சனவரியில் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக்கிற்று. இந்தியை எதிர்ப்பதில் பழமைவாதியின் தோளும் பயன்பட்டது. புரோகிதரில்லாத் திருமணத்துக்குப் பழமைவாதியின் இசைவைக் கேட்டு நிற்க வேண்டிய நிலை இல்லை. ஏன்? ஆட்சியின் சாவி கழகத்தின் கையிலேயே இருந்தது. 137 என்ற எண் சற்றுக் குறைந்து, அந்த 20 இல்லாமல் ஆட்சி இல்லை என்றிருந்தால்? எண்ணிப் பாருங்கள்!

1971இல் காட்சி மாறிற்று. 1954இல் ஆச்சாரியாருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்த காமராசரும், ஆச்சாரியாரும் ஒரே அணியில் நின்றனர். சுதந்திராக் கட்சிக்குச் சட்டமன்றத்தில் 6 இடம். நாடாளுமன்றத்தில் நாடெங்கும் சேர்த்து 8. 1972 திசம்பரில் ஆச்சாரியார் மறைந்தார். வாழ்நாள் எல்லாம் கொள்கையில் எதிர்த்த பெரியார் கண்ணீர் விட்டார். 1974இல் அக்கட்சி சரண்சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. அது செழித்திருந்த குசராத்திலும் இராசசுத்தானிலும் பின்னாளில் வேர்விட்டது பாரதிய சனதா. மிதமான பழமை காலி செய்த மனைகளில் மிதமற்ற பழமை மாளிகை கட்டிற்று.

1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் மற்றொரு கதவையும் அடைத்தது. கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே போய்விடும். அமெரிக்காவில் மனச்சான்றின்படி கைதூக்கினால் அடுத்த தேர்தல் போகும். இங்கே அடுத்த நாளே நாற்காலி போகும். விலைக்கு விற்போரைத் தடுக்க வந்த சட்டம், மனச்சான்றுள்ளவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. ஆகவே ஒரு டர்க்சன் இங்கே பிறந்தாலும், தம் தோழர் இருபத்தெழுவரை அழைத்துவர முடியாது. தனிமனிதரின் மிதம் சபையிலே வாக்காக மாறாது. கட்சியாகச் சேர்ந்து வந்தால்தான் அதற்கு மதிப்பு, அதாவது கூட்டணியாக.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் கணக்கைப் பார்த்தோம். நம் வீட்டுக் கணக்கையும் பார்க்காவிட்டால் நாம் பகுத்தறிவாளர் அல்லர். 1998இல் அ.தி.மு.க.வும், 1999இல் தி.மு.க.வும் பாரதிய சனதாவோடு கூட்டணி வைத்தன. "நல்ல மனிதர், தவறான கட்சி" என்று வாச்பாயி அவர்களைப் பற்றி அந்நாளில் பலர் பேசினர். தலைவர் மிதமானவர், பொதுச் செயல்திட்டம் மிதமானது, சர்ச்சைக்குரியவை ஒதுக்கி வைக்கப்பட்டன என்றார்கள். 2002இல் குசராத்து எரிந்தது. தி.மு.க. அந்த அணியை விட்டு வெளியேறியது 2003 திசம்பரில்.

1967இல் சாவி நம் கையில். 1999இல் சாவி அவர்கள் கையில். இரண்டும் கூட்டணிதான், ஆனால் ஒன்றல்ல. முன்னதில் மிதமான பழமை நம் வண்டியில் ஏறிற்று. பின்னதில் மிதமான பழமையின் முகத்தைப் பார்த்து நாம் அவர்கள் வண்டியில் ஏறினோம். வண்டியை ஓட்டியவர் மென்மையானவரே என்றாலும், வண்டி போகும் ஊர் அவர் குரலைப் பொறுத்ததன்று. மூச்சுக்கு மூச்சு 1967ஐப் புகழ்கிற நாம், 1999ஐயும் அதே கோலால் அளக்க வேண்டும்.

உரைகல்

"அப்படியானால் அவர்களை ஒட்டவே கூடாது என்பதுதானே?" என்று சிலர் கேட்பர். அன்று! 1964இல் டர்க்சனை ஒதுக்கியிருந்தால் அந்தச் சட்டம் பிறந்திருக்குமா? 1939இல் வைத்தியநாத அய்யரும் ஆச்சாரியாரும் முன்வரவில்லை என்றால் மதுரைக் கோயிலின் கதவு அன்று திறந்திருக்குமா? மாற்றாரின் வீட்டிலிருந்து வரும் ஒரு வாக்கு, நம் வீட்டின் பத்து முழக்கத்தைவிடச் சில நாளில் பயன் தரும்.

"சர்க்கரை பூசிய நஞ்சல்லவா மிதவாதம்? வெளிப்படையான பகைவனே மேல்" என்று வேறு சிலர் கூறுவர். கேட்பதற்கு வீரமாக இருக்கிறது. ஆனால் வெளிப்படையான பகைவன் ஆட்சிக்கு வந்தால் அடிபடுவது பேச்சாளரின் முதுகன்று. சேரியிலே இருப்பவனின் குடிசை, சிறுபான்மையோரின் கடை. மிதமானவர் மறைந்த இடத்தில் சமதர்மம் வந்து அமர்வதில்லை. வெறிதான் வந்து அமர்கிறது. அமெரிக்காவில் கண்டோம், இங்கும் கண்டோம்.

எனவே இளைஞர்கள் கையில் கொள்ள வேண்டிய உரைகல் மூன்று. முதலாவது, ஆளுக்கு இடம் தராதீர்கள். பொருளுக்கு இடம் தாருங்கள். இந்தியை எதிர்க்கும் நாளில் தோளோடு தோள். பிறப்பால் தொழில் என்னும் நாளில் நேருக்கு நேர். நேற்றைய நட்பு இன்றைய எதிர்ப்பைத் தடுக்கலாகாது. நேற்றைய எதிர்ப்பு இன்றைய நட்பைத் தடுக்கலாகாது.

இரண்டாவது, பேச்சை எண்ணாதீர்கள், வாக்கை எண்ணுங்கள். வெறியை வருத்தத்தோடு கண்டித்துவிட்டு, வாக்கெடுப்பு மணி அடித்ததும் வெறியோடு சேர்ந்து கைதூக்குகிறவர் மிதவாதியல்லர். அவர் வெறியின் நாகரிகமான உடை. தம் வீட்டார் முகம் சுளிக்க, இழப்பைத் தாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் கைதூக்குகிறவரே மதிக்கத்தக்கவர்.

மூன்றாவது, சாவியை நம் கையிலே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டணி அமைக்கும் நாளில் "அவர் நல்லவரா?" என்று கேட்பது போதாது; "முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கும்?" என்று கேட்க வேண்டும். நல்லவர் என்பது அவருடைய குணம். உரிமை என்பது நம்முடைய காப்பு.

சென்னீர்குப்பத்து வினாவுக்கு இப்போது விடை சொல்லலாம். மிதமான பழமைவாதிக்கு அமெரிக்காவிலும் நிலையான வீடில்லை, இங்கும் இல்லை. சொந்தமாகக் கட்டிய வீடு பதினைந்தாண்டில் இடிந்தது. இருக்கும் பெரிய வீடுகளில் அவர் வாடகைக் குடியிருப்பு. அவரை விரட்ட வேண்டுவதில்லை, வணங்கவும் வேண்டுவதில்லை. அவர் முன்னோக்கி ஓர் அடி வைக்கும் நாளில் கை கொடுப்போம். அஸ்திவாரத்தின்மேல் அமர்ந்துகொண்டு "இதைத் தொடாதே" என்னும் நாளில், மரியாதையோடு எழுப்பி நிறுத்திவிட்டு, கடப்பாரையைக் கையில் எடுப்போம்.